பதினான்கு 'சரி'

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இன்னும் தொண்ணூற்று மூன்று மணி நேரம் இருந்தது. கணக்குப் போட்டது ஆமையண்ணன் இல்லை, அவர் மனைவி. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றுவதற்குள் போட்டுவிட்டாள்.

"தொண்ணூத்தி மூணு மணி நேரம்," என்றாள். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்தபடி மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "திங்கக்கிழமை நான் சிகிச்சைக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போடணும். அதுக்குள்ள எனக்கு எல்லாம் தெரியணும். சொல்லுங்க. டாக்டர் என்ன சொன்னாங்க?"

ஆமையண்ணன் ரிப்போர்ட் இருந்த உறையை மேசைமேல் வைத்தார். ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார்.

"நிறைய சொன்னாங்க," என்றார்.

"அதான், என்ன?"

"நல்லாத்தான் சொன்னாங்க."

"ஏங்க."

"கிரேடுன்னாங்க. ஓரம்னு ஏதோ ஒண்ணு. நோடு. அப்புறம் கீமோன்னாங்க."

"கீமோ வேணும்னாங்களா, வேண்டாம்னாங்களா?"

ஆமையண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை.

"சொன்னாங்க," என்றார்.

நடந்தது இதுதான். பத்து நாள் முன்பு அவள் மார்பிலிருந்து ஒரு கட்டியை அறுத்து எடுத்திருந்தார்கள். கேன்சர் என்பது அதற்கும் முன்பே, ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்த பயாப்ஸியில் தெரிந்துவிட்டது. எடுத்த கட்டியைச் சோதித்த முழு ரிப்போர்ட் வியாழக்கிழமை வந்தது. டாக்டரம்மாவை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மனைவி திரைக்குப் பின்னால் தையல் பிரிக்கப் படுத்திருந்தாள். "உங்ககிட்ட இப்போ சுருக்கமா சொல்லிடறேன். அவங்ககிட்ட திங்கக்கிழமை விளக்கமா பேசறேன்," என்று டாக்டரம்மா நின்றபடியே ஏழு நிமிடம் பேசினார். டாக்டரம்மாவின் குரல் தணிந்த குரல். ஆமையண்ணனுடையது கிரேன் கூண்டிலிருந்து பேசிப் பழகிய குரல். திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தவளுக்கு அவர் குரல் மட்டும்தான் கேட்டது.

"பதினாலு தடவை," என்றாள் இப்போது. "எண்ணிக்கிட்டே படுத்திருந்தேன். சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர், சரிங்க டாக்டர். பதினாலு 'சரி'. தையல் பிரிச்ச நர்ஸு கேக்கறாங்க, ஏன்மா சிரிக்கறீங்க, கூசுதான்னு."

"அவங்க அவசரத்துல இருந்தாங்க. நடுவுல நிறுத்தி எப்படிக் கேக்கறது?"

"யாரு பேசறது? நாலாம் நம்பர் கிரேனா பேசறது?"

ஆமையண்ணனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. அது எவ்வளவு பெரிய அடி என்று தெரிய வேண்டுமானால் அவர்கள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

சரக்குப் பெட்டிகள் அடுக்கும் யார்டில் இரண்டு பேருக்கும் வேலை. கப்பலிலிருந்து இறங்கிய இரும்புப் பெட்டிகள், ஒவ்வொன்றும் ஓர் அறை அளவு, வரிசை வரிசையாக, ஒன்றின்மேல் ஒன்றாக ஐந்து அடுக்கு நிற்கும். ஆமையண்ணன் நாலாம் நம்பர் கிரேனில் ஆபரேட்டர். இருபது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, காலுக்குக் கீழே குனிந்து பார்த்தபடி எட்டு மணி நேரம். அவர் காட்டும் நிதானத்துக்காக யாரோ கேலியாக வைத்த பெயர்தான் ஆமை. பதினேழு வருடத்தில் ஒரு பெட்டியின் மூலைகூட நசுங்கவில்லை என்றதும் கேலி கரைந்துபோய், கூடவே ஓர் 'அண்ணன்' வந்து ஒட்டிக்கொண்டது.

மனைவிக்குக் கன்ட்ரோல் ரூம். எந்தப் பிளாக்கில், எந்த வரிசையில், எத்தனையாவது அடுக்கில் இருக்கும் பெட்டியை எடுத்து எங்கே வைப்பது என்று வாக்கிடாக்கியில் சொல்கிறவள். யார்டு முழுக்க அவள் கன்ட்ரோலக்கா. அவள் சேர்ந்த முதல் மாதத்தில் ஒருவன் சொன்னதை அரைகுறையாகக் கேட்டுத் தவறான பெட்டியைத் தூக்கி லாரியில் வைத்துவிட்டான். லாரி இரண்டு மணி நேரம் ஓடிய பிறகுதான் தெரிந்தது. அடுத்த நாளே அவள் ஒரு முறையைக் கொண்டுவந்தாள். கன்ட்ரோல் சொல்லும். ஆபரேட்டர் அதையே எழுத்து விடாமல் திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு, பிழையில்லை என்றால், கன்ட்ரோல் 'சரி' என்று சொல்லும். அதற்குப் பிறகுதான் பெட்டி அசையலாம்.

ஆபரேட்டர்கள் 'சரி' சொல்லக்கூடாது. அந்தச் சொல் கன்ட்ரோலுக்கு மட்டும் சொந்தம். 'சரிக்கா' என்று எவனாவது இழுத்தால், "நீ சொல்றதில்ல சரி. நான் சொல்றது. திருப்பிச் சொல்லு," என்று குரல் வரும். யார்டில் அதற்குப் பிறகு பதினோரு வருடமாக ஒரு பெட்டி மாறியதில்லை. மற்ற யார்டுகளிலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அன்றைக்கெல்லாம் ஆமையண்ணன் கூண்டுக்குள் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பார். வாக்கியில் இருவரும் புருஷன் பெண்டாட்டி இல்லை. அவள் "கிரேன் நாலு" என்பாள். அவர் "கன்ட்ரோல்" என்பார். ஆனாலும் அந்தக் குரல் தன் வீட்டுக் குரல் என்பதில் அவருக்கு இருந்த பெருமையை வெளியே காட்ட அவருக்கு வாய் வராது.

அப்படிப்பட்ட மனிதர், டாக்டரம்மா அவள் உடம்பைப் பற்றிச் சொன்னபோது, தனக்குச் சொந்தமில்லாத ஒரு சொல்லைப் பதினான்கு தடவை சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"ஒரு டப்பா பெட்டியைத் தூக்க எத்தனை கேள்வி கேப்பீங்க," என்றாள். சிரிப்பும் அழுகையும் ஒரே நேரத்தில் வந்து, தையல் இழுத்ததால் இரண்டையும் நிறுத்தினாள். "விடுங்க. ரிப்போர்ட்டை எடுங்க. உக்காந்து படிப்போம்."

ரிப்போர்ட் இரண்டு பக்கம். எழுத்துக்கூட்டிப் படிக்க முடிந்தது, பொருள்தான் பிடிபடவில்லை. முதல் வரியிலேயே 'இன்வேசிவ்' என்று இருந்தது. அதற்குக் கீழே 'கிரேடு 2'.

"ரெண்டாவது ஸ்டேஜு," என்றார் ஆமையண்ணன்.

"கிரேடுதானே போட்டிருக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"தெரியாது. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லாதீங்க."

ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையில் ஒரு போன் நம்பர் இருந்தது. வேலை நாளில் இரண்டு மணியிலிருந்து நான்கு மணிவரை ஒரு நர்ஸ் பேசுவார் என்று போட்டிருந்தது. வெள்ளிக்கிழமை ஆமையண்ணன் காலை ஷிப்டு முடித்து வருவதற்காக அவள் காத்திருந்தாள். அந்த ஷிப்டு முழுக்க வாக்கியில் வேறு குரல். இடைவேளையில் லாரி ஓட்டும் நெட்டை வந்து தோளில் தட்டினான்.

"அண்ணே, அக்காவுக்கு மொத்தம் எத்தனை கல்லு?"

இதுவும் சொல்லியாக வேண்டியதுதான். லீவு கேட்கப் போனபோது மேற்பார்வையாளர், "என்ன ஆபரேஷன்?" என்று கேட்டார். சாதாரணமான கேள்வி. ஆமையண்ணன் வாயைத் திறந்தார். நாக்கு திரும்பிக்கொண்டது. "பித்தப்பைல கல்லு," என்று வந்தது. அன்று மாலைக்குள் யார்டு முழுக்கக் கல். ஒருவன் ஜாடியில் போட்டுக் கொண்டுவரச் சொன்னான். இன்னொருவன் தன் மாமனாருக்கு இருபத்தாறு கல் எடுத்த கதையைச் சொன்னான். மனைவிக்கு ஆஸ்பத்திரிப் படுக்கையில் செய்தி வந்தது: 'கல்லைப் பத்திரமா வெச்சிருங்கக்கா, எங்களுக்குக் காட்டணும்.' அவள் போனை அவர் முன்னால் நீட்டினாள்.

"மூணு," என்றார் நெட்டையிடம்.

"மூணுதானா? அக்கா எதையும் அளவாத்தான் வெச்சுப்பாங்க."

மூன்று மணிக்கு வீட்டில் போன் மேசைமேல் இருந்தது. ஸ்பீக்கரைப் போட்டிருந்தாள். பழைய டூட்டி சீட்டு ஒன்றின் முதுகில் கோடு போட்டுத் தயாராக வைத்திருந்தாள். நர்ஸின் குரல் கொஞ்சம் களைத்த, நல்ல குரல்.

"சிஸ்டர், நான் ஒவ்வொரு வார்த்தையா கேப்பேன். நீங்க சொன்னதும் என் பாஷையில திருப்பிச் சொல்லுவேன். தப்பா இருந்தா திருத்துங்க. சரியா இருந்தா 'சரி'ன்னு மட்டும் சொல்லுங்க."

"இது என்னம்மா, பரிட்சையா?"

"எங்க வேலை அப்படி. இன்வேசிவ்னா என்ன?"

"பால் வர்ற குழாய்க்குள்ள ஆரம்பிச்ச செல்லு, குழாயோட சுவரைத் தாண்டிப் பக்கத்துச் சதைக்குள்ள வந்திருக்குன்னு அர்த்தம்."

ஆமையண்ணன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். மனைவி அவரைப் பார்க்காமல் எழுதினாள். "திருப்பிச் சொல்றேன். பொறந்த இடத்தோட சுவரைத் தாண்டிப் பக்கத்துல வந்திருக்கு. உடம்பு முழுக்கப் பரவிடுச்சுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல."

"சரி," என்றாள் நர்ஸ். "நல்லா கேட்டீங்க. அந்த ரெண்டாவது பாதியத்தான் யாரும் கேக்கறதில்ல."

"கிரேடு ரெண்டு. என் வீட்டுக்காரர் அதை ரெண்டாவது ஸ்டேஜுன்னு சொல்றாரு."

"எல்லா வீட்டுக்காரரும் அதைத்தான் சொல்லுவாங்க. வேற வேறம்மா. கிரேடுங்கறது மைக்ராஸ்கோப்புல பாத்தா அந்தச் செல்லு எப்படி இருக்குங்கறது. சாதாரணச் செல்லு மாதிரியே இருந்தா ஒண்ணு. சுத்தமா மாறி, வேகமா வளர்ற மாதிரி இருந்தா மூணு. உங்களது நடுவுல. ஸ்டேஜுங்கறது எவ்வளவு பெருசு, எங்க வரைக்கும் போயிருக்குங்கறது."

மனைவி பேனாவைக் கீழே வைத்தாள். முகத்தில் வேலை நேரத்து முகம் வந்தது. "கிரேடுன்னா பெட்டிக்குள்ள இருக்கற சரக்கு எந்த மாதிரிங்கறது. ஸ்டேஜுன்னா பெட்டி எவ்வளவு பெருசு, எந்த பிளாக்குவரைக்கும் போயிருக்குங்கறது. சரக்க வெச்சு இடத்தச் சொல்ல முடியாது."

நர்ஸ் ஒரு வினாடி யோசித்தாள். "சரி," என்றாள். "அம்மா, நீங்க எங்க வேலை பாக்கறீங்க?"

'மார்ஜின் கிளியர்' என்றால், கட்டியோடு சேர்த்துச் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையையும் வெட்டி எடுத்ததில், அந்த ஓரத்தில் கெட்ட செல் இல்லை என்று பொருள். 'சென்டினல் நோடு' என்றால், மார்பிலிருந்து ஏதாவது கிளம்பினால் அக்குளில் முதலில் போய்ச் சேரும் முடிச்சு. அதில் மூன்று எடுத்து, மூன்றிலும் ஒன்றும் இல்லை என்பதைத்தான் பூஜ்யம், ஒரு கோடு, மூன்று என்று எழுதியிருந்தார்கள்.

"வெளியே போற ரோட்டுல முதல் கேட்டு. கேட்டுல மூணு பேரைச் சோதிச்சாச்சு. யார்கிட்டயும் சரக்கு இல்ல. அதனால ரோட்டுல போயிருக்க வாய்ப்புக் கம்மி."

"சரி. 'கம்மி'ன்னு சொன்னீங்க பாருங்க, அது ரொம்பச் சரி. இல்லவே இல்லன்னு சொல்லல."

ஹார்மோன் ரிசெப்டார் என்ற வரியில் பாசிட்டிவ் என்று இருந்தது. அந்தச் செல் வளர உடம்பின் ஹார்மோனைச் சாப்பிடுகிறது, அதனால் மாத்திரை கொடுத்து அந்தச் சாப்பாட்டை நிறுத்தலாம், ஆகவே அது கையில் கிடைத்த ஓர் ஆயுதம் என்று நர்ஸ் சொன்னாள். 'ஹெர் டூ' என்ற புரதம் அந்தச் செல்லில் கூடுதலாக இல்லை, அதனால் அதற்கென்று இருக்கும் மருந்து தேவைப்படாது என்றும் சொன்னாள். ஆமையண்ணன் முதல் தடவையாக மூச்சு விட்டார்.

"கீமோ வேணுமா, சிஸ்டர்?" என்று அவரே கேட்டுவிட்டார்.

"அதை நான் சொல்லக்கூடாது சார். ஸ்டேஜும் சிகிச்சையும் டாக்டர்தான் சொல்லணும். உங்ககிட்ட சொன்னதா இங்க உங்க ஃபைல்ல எழுதியிருக்காங்களே?"

மனைவி அவரைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்தார்.

மறுநாள் காலைக்குள் அந்த டூட்டி சீட்டு பிரிட்ஜ் கதவில் ஏறியது. பெரிய எழுத்தில் ஏழு வரி. முதல் வரி: 'நோய்: மார்பகப் புற்றுநோய்.' கடைசி வரி: 'கீமோ: ?' சமையலறைக்குள் யார் வந்தாலும் அதைப் படிக்காமல் தண்ணீர் எடுக்க முடியாது. அவள் பால் எடுக்கும்போது ஒரு வரி, காய் எடுக்கும்போது ஒரு வரி என்று உரக்கச் சொல்லிப் பார்த்தாள். அவரையும் சொல்ல வைத்தாள். கிரேடு, மார்ஜின், நோடு எல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு ஆகிவிட்டது. முதல் வரியை மட்டும் அவர் "மேல இருக்கறது" என்று சொல்லித் தாண்டிவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை கீழ்வீட்டிலிருந்து அவருடைய அக்கா படியேறி வந்தாள். கையில் ஒரு பாத்திரம்.

"கல்லு மறுபடி வராம இருக்க இதை வெறும் வயித்துல குடிக்கணும். என் கூட வேலை பாக்கறவ எழுதிக் குடுத்தா. வாசனை பாக்காம குடிச்சிடு."

அக்கா நேராகச் சமையலறைக்குப் போனாள். ஆமையண்ணனுக்கு அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பதினேழு வருடத்தில் யார்டு பார்க்காத வேகம். அக்காவுக்கு முன்னால் பாய்ந்து, பிரிட்ஜ் கதவிலிருந்த சீட்டை இழுத்து, மறுபக்கம் திருப்பி ஒட்டிவிட்டார். பழைய டூட்டி நேரங்கள் தெரிந்தன.

"இன்னும் வேலை நெனப்புதான்டா உங்க ரெண்டு பேருக்கும்," என்றாள் அக்கா. பாத்திரத்தை வைத்துவிட்டு, அவர் மனைவியின் தலையைத் தடவிவிட்டு, இறங்கிப் போனாள்.

வாசற்கதவு சாத்தியதும் மனைவி வந்து சீட்டைத் திருப்பி ஒட்டினாள். ஒரு மூலை கிழிந்திருந்தது.

"சீல் உடைஞ்ச பெட்டியா நான்?" என்றாள். "துணி போட்டு மூடறீங்க?"

"அப்படி இல்லம்மா."

"அப்படித்தான் இருக்கு. எனக்கு வந்த நோவு. எனக்கே வெக்கம் இல்ல. உங்களுக்கு என்ன வெக்கம்?"

"வெக்கம் இல்ல." அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "பேரைச் சொன்னா வந்து உக்காந்துக்குமோன்னு ஒரு பயம்."

அவள் சீட்டைத் தட்டிக் காட்டினாள். "அது ஏற்கனவே வந்து உக்காந்து, அறுத்து வெளியே எடுத்து, அளந்து, பதினெட்டு மில்லிமீட்டர்னு எழுதியும் குடுத்தாச்சு. இனிமே பேரு சொன்னா எங்க வந்து உக்காரும்?"

அவர் எழுந்து, கிழிந்த மூலையை விரலால் அழுத்தி ஒட்டினார்.

"நான் யார்டுக்குத் திரும்பி வருவேன். அந்த நாற்காலியில உக்காருவேன். அன்னிக்கு எவனும் என்கிட்ட கல்லுன்னு கேக்கக்கூடாது. அதை நான் போய்ச் சொல்ல மாட்டேன். நீங்க கொண்டு போய் வெச்ச பெட்டி. நீங்கதான் எடுக்கணும்." பாத்திரத்தில் இருந்ததை முகர்ந்து பார்த்து முகம் சுளித்தாள். "இதையும் நீங்களே குடிங்க."

திங்கட்கிழமை பத்து மணி. டாக்டரம்மாவின் அறையில் மூன்று நாற்காலி, ஒரு மேசை, சுவரில் உடம்பின் படம். டாக்டரம்மா பேனாவை எடுத்துக் கையெழுத்துப் படிவத்தை நகர்த்தினார்.

"நான் உங்க சார்கிட்ட எல்லாம் சொல்லிட்டேன்."

"அவரு பதினாலு தடவை சரி சொன்னாரு, டாக்டர். அதெல்லாம் செல்லாது," என்றாள் மனைவி. சீட்டை மேசைமேல் விரித்தாள். "நான் ஒவ்வொண்ணா திருப்பிச் சொல்றேன். பிழை இல்லன்னா நீங்க சரி சொல்லுங்க. அஞ்சு நிமிஷம்தான் ஆகும்."

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சீட்டைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

"முதல் வரி அவருக்கு," என்றாள் மனைவி.

ஆமையண்ணன் தொண்டையைச் செருமினார். "மார்புல..." என்றார். "மார்புல ஒரு கட்டி."

அறையில் யாரும் சரி சொல்லவில்லை. மனைவி தானே தொடங்கினாள். அவள் குரல் மாறியதை அவர் கவனித்தார். அது வீட்டுக் குரல் இல்லை. நாற்பது லாரியும் ஆறு கிரேனும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கும் அந்தக் குரல், துளி நடுக்கம் இல்லாமல்.

"மார்பகப் புற்றுநோய், இடது பக்கம். பொறந்த குழாயைத் தாண்டிச் சதைக்குள்ள வந்திருக்கு."

"சரி."

"அளவு பதினெட்டு மில்லிமீட்டர். கிரேடு ரெண்டு. அது செல்லோட குணம், ஸ்டேஜு இல்ல."

"சரி."

"வெட்டின ஓரம் சுத்தம். அக்குள்ல மூணு முடிச்சு எடுத்தீங்க, மூணும் சுத்தம். ஹார்மோன் ரிசெப்டார் பாசிட்டிவ், அதனால மாத்திரை கேக்கும். ஹெர் டூ நெகட்டிவ், அதனால அதுக்குன்னு இருக்கற மருந்து எனக்கு வேண்டாம். ஸ்டேஜு நீங்க சொல்லணும்."

டாக்டரம்மா எழுந்து கதவைத் திறந்து யாரையோ கூப்பிட்டார். இரண்டு இளம் டாக்டர்கள் வந்து சுவரோரம் நின்றார்கள். "கவனிங்க," என்றார் அவர்களிடம். பிறகு உட்கார்ந்தார். "ஸ்டேஜ் ஒண்ணு."

"ஸ்டேஜ் ஒண்ணு," என்றாள் மனைவி. அவள் வலது கை மேசைக்கு அடியில் ஆமையண்ணனின் முழங்காலைத் தேடிப் பிடித்தது. "கீமோ?"

"வேண்டாம். வியாழக்கிழமையே சொன்னேனே. மூணு வாரம் கதிர்வீச்சு. பிறகு அஞ்சு வருஷம் தினம் ஒரு மாத்திரை."

"திருப்பிச் சொல்றேன். கீமோ வேண்டாம். மூணு வாரம் கதிர்வீச்சு. அஞ்சு வருஷம் மாத்திரை."

"சரி."

"அதோட எனக்கு முழுசா குணமாயிடும். இனிமே வராது."

டாக்டரம்மா சரி சொல்லவில்லை. இளம் டாக்டர்களில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். ஆமையண்ணனுக்கு அந்த அமைதி நன்றாகத் தெரியும். கிரேனில் உட்கார்ந்து தவறான வரிசை எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டால் வாக்கியில் வரும் அமைதி அது.

"அதுக்கு நான் சரி சொல்ல முடியாதும்மா," என்றார் டாக்டரம்மா. "இன்னிக்கு உங்க உடம்புல நாங்க தேடின இடத்துல எதுவும் இல்ல. திரும்பி வர்ற வாய்ப்புக் குறைவு. சிகிச்சை அதை இன்னும் குறைக்கும். வரவே வராதுன்னு யாரும் எழுதிக் குடுக்க முடியாது. அதனாலதான் வருஷா வருஷம் பாக்கணும்."

மனைவி பேனாவை வாங்கி, சீட்டின் அடியில் எழுதிக்கொண்டாள். "இன்னிக்கு எதுவும் இல்ல. திரும்பி வர்ற வாய்ப்புக் குறைவு, ஆனா பூஜ்யம் இல்ல. வருஷா வருஷம் பாக்கணும்."

"சரி," என்றார் டாக்டரம்மா. "ரொம்பச் சரி." இளம் டாக்டர்கள் பக்கம் திரும்பினார். "நாளையிலேர்ந்து நோயாளி இப்படித் திருப்பிச் சொன்னதும்தான் படிவத்தை நகர்த்தணும். நான் உள்பட."

மனைவி கையெழுத்துப் போட்டாள். தன் பெயரை முழுதாக, எல்லா எழுத்தும் தெரிகிற மாதிரி.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். ஆமையண்ணனுக்கு உட்கார முடியவில்லை. உட்கார்ந்திருந்தார், ஆனால் உள்ளே உட்காரவில்லை. ஒரு டாக்டரம்மாவை இவள் 'சரி' சொல்ல வைத்துவிட்டாள். படித்த இரண்டு பேர் சுவரோரம் நின்று இவளிடம் பாடம் கேட்டார்கள். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. பக்கத்து இருக்கைக்காரரிடம்கூடச் சொல்லத் தயாராக இருந்தார். "இவ இருக்காளே," என்று தொடங்கினால், அடுத்த கேள்வி, "எந்த டாக்டர், என்ன நோய்?" என்றுதான் வரும். கல் என்று சொன்னால் கதையே இல்லை. கல்லுக்கு ஏது கிரேடு, ஏது ஓரம், ஏது கேட்டு? இவள் செய்தது அத்தனையும் அந்த ஒரு சொல்லுக்கு எதிரே நின்று செய்தது. அதை எடுத்துவிட்டால் இவள் பெருமையும் கூடவே போய்விடும்.

பதினோரு வருடப் பெருமையைத் தானே துணி போட்டு மூடியிருக்கிறோம் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி. ஷிப்டு தொடங்குவதற்கு முன் ஷெட்டுக்குக் கீழே எல்லோரும் கூடுவார்கள். முப்பது பேருக்கு மேல் இருக்கும். தலைக்கவசம், ஒளிரும் சட்டை, கையில் தேநீர்க் குவளை. மேற்பார்வையாளர் அன்றைய காற்றின் வேகத்தையும், பழுதுபார்க்கும் வரிசையையும் சொல்லிவிட்டு வழக்கம்போல், "யாருக்காவது சொல்ல ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். வழக்கமாக யாருக்கும் இருக்காது.

ஆமையண்ணன் கை தூக்கினார். பேச்சுச் சத்தம் தானாக அடங்கியது. இந்த ஷெட்டில் அவர் கை தூக்கி யாரும் பார்த்ததில்லை.

"நேத்து," என்றார். "நேத்து என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரியில ஒரு பெரிய டாக்டரையே நம்ம முறையில 'சரி' சொல்ல வெச்சா. வரி வரியா. ரெண்டு சின்ன டாக்டர் நின்னு கத்துக்கிட்டாங்க."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது, நல்ல சிரிப்பு. யாரோ விசில் அடித்தார்கள்.

"கன்ட்ரோலக்கான்னா சும்மாவா!" என்றான் நெட்டை. "கல்லு டாக்டரையே கலங்கடிச்சுட்டாங்களா அண்ணே?"

சிரிப்பு பெரிதாகியது. ஆமையண்ணன் அது அடங்கும்வரை காத்திருந்தார். அவசரப்படவில்லை. தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நெட்டையை நேராகப் பார்த்தார். பிறகு எல்லோரையும் பார்த்தார்.

"கல்லு இல்ல," என்றார். "கல்லுன்னு நான் சொன்னது பொய். அவ சொல்லல, நான் சொன்னேன். இப்ப சரியா சொல்றேன், எல்லாரும் கேட்டுக்கங்க." கிரேன் கூண்டிலிருந்து பேசும் குரலில், ஷெட்டின் கடைசிவரை கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்:

"என் மனைவிக்கு வந்தது மார்பகப் புற்றுநோய்."